வேகத்துக்கு அடங்காத கணக்கு

தாய்நிலத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுக்குப் புனே நகரம் புதியதன்று. பூனா என்று முன்னாளில் வழங்கிய அந்நகரின் படைத்துறை அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் கல்விக்கூடங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாகப் பணியாற்றி வந்துள்ளனர். பேஷ்வாக்களின் தலைநகரமாக அதனை அறிந்தோர் பலர். 1885ஆம் ஆண்டில் ஃபெர்குசன் கல்லூரி தோன்றிய நாள் முதல் கல்வி நகரமாக அதனைப் போற்றுவோரும் பலர். அண்மைக் காலத்தில் மற்றொரு துறையிலும் புனே பெயர் பெற்றுள்ளது. இந்தியாவின் அதிவேகக் கணிப்பொறிகள் சிலவற்றுக்கு அதுவே பிறப்பிடமும் இருப்பிடமும் ஆகும்.

1980களில் அதிவேகக் கணிப்பொறிகளை இந்தியாவுக்கு விற்க வெளிநாட்டினர் தயங்கினர். அவற்றை நாமே செய்துகொள்வோம் என்ற துணிவுடன் 1988இல் புனேயில் சி-டாக் என்னும் அரசு நிறுவனம் தொடங்கப்பெற்றது. விஜய் பட்கர் தலைமையில் அந்நிறுவனம் 1991இல் ‘பரம் 8000’ என்ற பொறியை உருவாக்கியது. 2007ஆம் ஆண்டு நவம்பரில், அதே நகரில் டாட்டா குழுமத்தின் கணிப்பு ஆய்வகம் அமைத்த ‘ஏகா’ என்னும் பொறி, உலக வேகப் பட்டியலில் நான்காம் இடத்தையும் ஆசியாவில் முதலிடத்தையும் பெற்றது. அது வினாடி ஒன்றுக்கு 117.9 லட்சம் கோடி கணக்குகளைச் செய்தது. 2024இல் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் நிறுவப்பெற்ற ‘அர்க்கா’, ஏகாவைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு வேகம் உடையது.

இத்தகைய பொறிகளுக்கும் எட்டாத கணக்கு உண்டோ எனின், உண்டு. அது நட்சத்திரங்களைப் பற்றியதன்று; அணுவின் உட்கருவைப் பற்றியதும் அன்று. சுழியும் ஒன்றும் தவிர வேறெதுவும் எழுதப்படாத ஒரு சிறு கட்டத்தைப் பற்றியது. வரிசைகளும் நிரல்களுமாக எண்களை அடுக்கிய கட்டத்தைக் கணித நூலார் அணி என்பர். ‘இல்லை’ என்பதற்குச் சுழியும், ‘உண்டு’ என்பதற்கு ஒன்றும் இட்டு நிரப்பினால் அது இரும அணி ஆகின்றது. அத்தகைய அணியிலிருந்து மிகச் சிறந்த விடையைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்னும் வினாவின் வரலாற்றையே நாம் இங்குக் காணப் புகுகின்றோம்.

இரண்டே இரண்டு பொருள்கள் எவ்வாறு பெருகுகின்றன என்பதைத் தமிழர் கணக்கு நூலில் அல்லாது இலக்கண நூலிலேயே கற்றுக்கொள்கின்றோம். பள்ளியில் யாப்பு பயின்றோர் நேர், நிரை என்னும் இரண்டு அசைகளை மறந்திரார். ஓரசைச் சீர் இரண்டு. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என ஈரசைச் சீர் நான்கு. காயும் கனியுமாக மூவசைச் சீர் எட்டு. நாலசைச் சீர் பதினாறு. ஆகச் சீர்கள் முப்பது. அசை ஒன்று கூடும்போது சீரின் தொகை இரட்டிக்கின்றது. இலக்கண ஆசிரியர்கள் நாலசையோடு நின்றுவிட்டனர். நில்லாமல் மேற்சென்றால் பத்து அசைக்கு 1,024 அமைப்புகளும், இருபது அசைக்கு 10,48,576 அமைப்புகளும், முப்பது அசைக்கு 107 கோடிக்கு மேற்பட்ட அமைப்புகளும் தோன்றும். நூறு அசைக்கு வரும் எண் முப்பத்தோர் இலக்கங்கள் கொண்டது.

வடமொழியில் பிங்கலர் இயற்றிய சந்த நூலும் லகு, குரு என்னும் இரண்டைக் கொண்டு இதே பெருக்கத்தை ஆராய்ந்தது. அந்நூல் கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டது என்பது அறிஞர் பலர் கருத்து. எல்லா அமைப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைப்பதற்கு அதில் பிரஸ்தாரம் என்று பெயர். லகுவுக்கு ஒன்றும் குருவுக்குச் சுழியும் இட்டால் பிரஸ்தாரம் என்பது ஓர் இரும அணியே. அந்நூல் பட்டியல் போடும் முறையைக் கூறியதோடு அமையவில்லை. வரிசையில் இத்தனையாவது வரி யாது என்பதை மற்ற வரிகளை எழுதாமலே கண்டறியும் வழியை நஷ்டம் என்றும், கொடுத்த ஒரு வரி எத்தனையாவது என்று கண்டறியும் வழியை உத்திஷ்டம் என்றும் வகுத்தது. பட்டியல் முழுவதையும் எழுதித் தேடாமலே வேண்டிய விடையை அடைய இயலுமா? நம் கட்டுரை முழுவதற்கும் உரிய வினா இதுவே. பிங்கலர் எடுத்துக்கொண்ட கணக்குக்கு ‘இயலும்’ என்பது விடை. எல்லாக் கணக்குக்கும் அவ்விடை கிட்டுமா என்பதுதான் இருபதாம் நூற்றாண்டைக் கலக்கிய பிரச்சினை.

மொழிபெயர்ப்புப் பணியில் நாளைக் கழிக்கும் நமக்குக் கைக்கு எட்டிய ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் அலுவலகத்தில் இருபது மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கின்றனர். இருபது கோப்புகள் வந்துள்ளன. யார் எந்தக் கோப்பைச் செய்ய வல்லவர் என்று ஒரு கட்டம் வரைவோம். வல்லவராயின் ஒன்று, இல்லையாயின் சுழி. ஆளுக்கு ஒரு கோப்பாகப் பங்கிட்டு எல்லாக் கோப்புகளையும் முடிக்க இயலுமா? இருபது பேருக்கு இருபது கோப்புகளைப் பங்கிடும் வகைகள் பத்தொன்பது இலக்கம் கொண்ட எண்ணாகும்; அதாவது 24 லட்சம் கோடியை ஒரு லட்சத்தால் பெருக்கினால் வருவதைவிடச் சற்று மிகுதி. ஒரு கணக்குக்கு ஒரு பங்கீடு வீதம் சோதித்தால் ஏகாவுக்கே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆளும் கோப்பும் இருபத்தைந்து ஆனால் நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆயினும் அலுவலகக் கண்காணிப்பாளர் எவரும் இவ்வாறு சோதிப்பதில்லை. மூன்று கோப்புகளைச் செய்ய வல்லவர் இருவரே இருப்பதாகத் தெரிந்துவிட்டால், பங்கீடு இயலாது என்று உடனே கூறிவிடலாம். அத்தகைய நெருக்கடி எங்கும் இல்லையெனில் பங்கீடு கட்டாயம் இயலும் என்று 1935இல் ஃபிலிப் ஹால் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் நிறுவினார். இயலாமைக்குக் காரணம் ஒன்று இருந்தால், அதனை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டிவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

இவருக்கு இக்கோப்பு எளிது, அவருக்கு அரிது என்று உழைப்பின் அளவையும் சேர்த்துக்கொண்டு, மொத்த உழைப்பு மிகக் குறைவாக அமையும் பங்கீட்டைக் கேட்டால் கணக்கு மேலும் கடினமாகத் தோன்றும். அதற்கும் குறுக்கு வழி உண்டு. அது கிட்டிய வரலாறு மொழிபெயர்ப்பாளர் எவருக்கும் இனிக்கும். 1953இல் ஹரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், ஹங்கேரிய நாட்டுத் தேனெஷ் கோனிக் எழுதிய நூலைப் படித்துக்கொண்டிருந்தார். அதன் அடிக்குறிப்பு ஒன்று, யெனோ எகெர்வாரி என்பார் 1931இல் ஹங்கேரிய மொழியில் எழுதிய கட்டுரையைச் சுட்டியது. கூனுக்கு அம்மொழி தெரியாது. ஓர் இலக்கண நூலையும் பெரிய அகராதி ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டிய அளவுக்கு மொழியைக் கற்று, அக்கட்டுரையைத் தாமே மொழிபெயர்த்தார். அதில் கண்ட கருத்தைக் கொண்டு 1955இல் ஒரு முறையை வெளியிட்டார். நன்றி மறவாமல் அதற்கு ‘ஹங்கேரிய முறை’ என்றே பெயரிட்டார். அம்முறை பின்னர்த் திருத்தம் பெற்றது. இன்று இருபத்தைந்து பேருக்கான பங்கீட்டை இருபத்தைந்தின் முப்படியாகிய 15,625இன் சில மடங்கு படிகளில் அது முடித்துவிடும். நாலாயிரம் ஆண்டு வேலை கண்ணிமைக்கும் நேரத்துக்குச் சுருங்கியது.

இதற்கு ஒரு பின்கதையும் உண்டு. 1851இல் மறைந்த ஜெர்மானிய அறிஞர் யாக்கோபி இதே முறையைத் தம் குறிப்புகளில் எழுதி வைத்திருந்தார். அக்குறிப்புகள் அவர் மறைந்த பின்னரே இலத்தீன் மொழியில் அச்சேறின. அவற்றில் ஹங்கேரிய முறை மறைந்திருப்பது 2006 வரையில் இத்துறையினர் கண்ணில் படவில்லை. மொழி தெரிந்து படிப்பார் இல்லையேல், கண்டுபிடித்த வழியும் காணாமற் போகும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி, அதே கட்டத்தை வைத்துக்கொண்டு வினாவைச் சிறிது மாற்றுவோம். கோப்புகளுக்குப் பதிலாக நிரல்களில் மொழிகளின் பெயர்களை எழுதுவோம். எல்லா மொழிகளும் அடங்குமாறு மிகச் சிலரையே அழைத்து ஒரு குழு அமைக்க வேண்டும். யார் யாரை அழைப்பது? தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், மராத்தி, குஜராத்தி என ஆறு மொழிகள் வேண்டும் என்க. முதலாமவருக்குத் தெலுங்கு, கன்னடம், மராத்தி, குஜராத்தி ஆகிய நான்கும் தெரியும். இரண்டாமவருக்குத் தமிழ், தெலுங்கு, மராத்தி. மூன்றாமவருக்குக் கன்னடம், மலையாளம், குஜராத்தி. நம்மில் பெரும்பாலோர், மிகுதியான மொழி அறிந்த முதலாமவரையே முதலில் அழைப்போம். பின்னர்த் தமிழுக்காக இரண்டாமவரையும் மலையாளத்துக்காக மூன்றாமவரையும் அழைக்க நேரும். மூவர் ஆகிவிட்டனர். முதலாமவரை அழைக்காமலே இருந்திருந்தால் மற்ற இருவரும் ஆறு மொழிகளையும் நிறைவு செய்திருப்பர்.

ஆறு மொழிக்கும் மூன்று பேருக்கும் இதனைக் கண்ணாலேயே கண்டுகொள்ளலாம். நூறு பேர் இருந்தால், ஒவ்வொருவரையும் அழைப்பதா விடுப்பதா என்று நூறு கேள்விகள் எழும். நூறு அசைக்குத் தோன்றிய முப்பத்தோர் இலக்க எண் இங்கே மீண்டும் எதிர்ப்படும். முன்னைய பங்கீட்டுக் கணக்குக்கு ஹங்கேரிய முறை வாய்த்தது போல இதற்கும் ஒரு முறை வாய்க்கும் என்று பலரும் தேடினர், வாய்க்கவில்லை. ‘இருவரே போதும்’ என்று ஒருவர் கூறினால் அந்த இருவரைக் காட்டி மெய்ப்பிக்கலாம். ‘இருவர் போதார்’ என்பதை எல்லாக் கட்டங்களுக்கும் சுருக்கமாக மெய்ப்பிக்க வழி இதுவரை கிட்டவில்லை. துண்டுத் தாள் இங்கே உதவவில்லை.

இந்தக் கைவிரிப்புக்கு ஒரு வடிவம் கொடுத்தவர்கள் மூவர். 1971இல் டொரான்டோவில் ஸ்டீபன் குக், விரைவில் சரிபார்க்கத்தக்க கணக்குகள் அனைத்தையும் ஒரு தருக்கக் கணக்காக மாற்றிவிடலாம் என்று காட்டினார். சோவியத் நாட்டில் லியோனித் லெவின் தனியே இதே முடிவுக்கு வந்து 1973இல் வெளியிட்டார். இடையில், 1972இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் கார்ப் இருபத்தொரு கணக்குகளை எடுத்துக்கொண்டு, அவை யாவும் ஒரே கணக்கின் வேற்றுருவங்கள் என்று நிறுவினார். நாம் மேலே கண்ட குழு அமைக்கும் கணக்கு அவற்றுள் ஒன்று. சுழி, ஒன்று என்னும் இரண்டையே விடையாக ஏற்கும் சமன்பாட்டுக் கணக்கு மற்றொன்று. இவற்றுள் எந்த ஒன்றுக்கேனும் விரைவான வழி கிட்டினால் இருபத்தொன்றுக்கும் கிட்டிவிடும். அவற்றோடு பின்னர்ச் சேர்ந்த ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கும் கிட்டிவிடும். இரயில் ஊழியர் முறைப்பட்டியல், கல்லூரித் தேர்வு அட்டவணை, சரக்கு லாரிகளின் வழித்தடம் என்று அன்றாட வாழ்வில் நாம் காணும் பலவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கதவு பல, பூட்டு ஒன்று. திறவுகோல் உண்டா இல்லையா என்பது இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் இவ்வினாவுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அப்பரிசு இன்னும் எவர் கைக்கும் சேரவில்லை.

கார்ப்பிடம் பயின்று 1983இல் டாக்டர் பட்டம் பெற்றவர் நரேந்திர கர்மார்கர். பம்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தில் கற்று அமெரிக்கா சென்றவர். முப்பது வயது நிரம்பாத நிலையில், 1984இல், பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தபோது அவர் வெளியிட்ட ஒரு முறை, நியூயார்க் டைம்ஸ் இதழின் முதற் பக்கத்தில் செய்தியாயிற்று. அது யாது?

1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் வகுத்த ஒரு முறையைக் கொண்டு தொழிற்சாலைகளும் விமான நிறுவனங்களும் தங்கள் செலவைக் குறைத்து வந்தன. அக்கணக்கின் விடைகள் யாவும் பல பட்டைகள் தீட்டிய மணி ஒன்றின் வடிவில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம். சிறந்த விடை மணியின் ஒரு முனையில் இருக்கும். டான்ட்சிக் முறை, பழத்தின் தோல் மீது ஊரும் எறும்பைப் போல, மணியின் விளிம்பு வழியே முனைக்கு முனை செல்வது. பெரும்பாலும் அது விரைந்தே முடியும். ஆனால் அளவுகடந்த தொலைவு எறும்பை அலைக்கழிக்கும் மணிகளும் உண்டு என்று 1972இல் கிளீ, மின்டி என்னும் இருவர் காட்டினர். எத்தகைய மணியாயினும் கணக்கின் அளவுக்கு ஏற்ற காலத்துக்குள் முடியும் முறையை 1979இல் சோவியத் அறிஞர் லியோனித் காச்சியன் அளித்தார். கோட்பாட்டில் உயர்ந்ததாயினும் நடைமுறையில் அது தாமதமாகவே இயங்கியது. கர்மார்கரின் முறையோ மாங்கனிக்குள் துளைத்துச் செல்லும் வண்டைப் போல மணியின் உள்ளே நுழைந்து இலக்கை நோக்கிச் சென்றது. அதற்குக் கோட்பாட்டின் உறுதியும் இருந்தது. நடைமுறை வேகமும் இருந்தது. 1988இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றபோது, கணித முறைக்கு உடைமையாளர் இருக்கலாமா என்ற விவாதமும் எழுந்தது.

அப்படியாயின் நம் குழுக் கணக்கும் தீர்ந்ததா எனின், இல்லை. இந்த இடம் நுட்பமானது. உள்வழியே செல்லும் வண்டு பின்னங்களை ஏற்கும். நம் கட்டமோ சுழியையும் ஒன்றையும் மட்டுமே ஏற்கும். தமிழும் கன்னடமும் அறிந்தவர் ஒருவர், கன்னடமும் மராத்தியும் அறிந்தவர் ஒருவர், மராத்தியும் தமிழும் அறிந்தவர் ஒருவர் என மூவர் இருப்பதாகக் கொள்வோம். மூன்று மொழிக்கும் எத்தனை பேர் வேண்டும்? இருவர் வேண்டும். பின்னத்தை அனுமதித்தால், ஒவ்வொருவரையும் பாதியாக அழைத்து ஒன்றரை ஆளோடு காரியத்தை முடித்துவிடலாம் என்று பொறி கூறும். அரை மனிதரை எந்த நாற்காலியில் அமர்த்துவது? அரையை முழுமையாக்கினால் மூவரும் வந்துவிடுவர்; நீக்கினால் ஒருவரும் வாரார். கோப்புப் பங்கீட்டில் மட்டும் இத்தொல்லை இல்லை. அங்கே பின்னங்களை அனுமதித்தாலும் முழு எண் விடை ஒன்று அவற்றுக்கு ஈடாகவே நிற்கும். 1946இல் காரெட் பிர்க்காஃப் வெளியிட்ட தேற்றத்திலிருந்து பெறப்படும் உண்மை அது. பார்வைக்கு ஒத்த இரண்டு கட்டங்களுள் ஒன்று கனிந்து, மற்றொன்று கல்லாய் நிற்பதன் இரகசியம் இங்கேதான் உள்ளது.

எளிய கட்டமும் ஒரு கேள்வி கூடியவுடன் அரிதாகிவிடுவதுண்டு. இருபது கோப்புகளை இருபது பேருக்குப் பங்கிட இயலுமா என்று கேட்டால் விடை எளிது. எத்தனை வகையாகப் பங்கிட இயலும் என்று கேட்டாலோ கணக்கு மலையாகிவிடுகின்றது. ‘உண்டா’ என்பதற்கும் ‘எத்தனை’ என்பதற்கும் இடையே இவ்வளவு தொலைவு உள்ளது என்பதை 1979இல் லெஸ்லி வேலியன்ட் எடுத்துக்காட்டினார். அந்த எண்ணிக்கையைத் தோராயமாகவேனும் மதிப்பிட, எழுந்தபடி காய் உருட்டிப் பார்க்கும் ஒரு முறையைக் கர்மார்கரும் கார்ப்பும் வேறு மூவரும் சேர்ந்து 1993இல் வெளியிட்டனர். மதிப்பீட்டைத் தேவையான அளவுக்கு நெருக்கமாகவும் விரைவாகவும் செய்யத்தக்க முறையை ஜெரம், சின்கிளேர், விகோடா ஆகியோர் பின்னர்க் கண்டனர். அவர்தம் முழுக் கட்டுரை 2004இல் வெளிவந்தது. துல்லியம் எட்டாத இடத்தில் தோராயத்துக்கும் உறுதி கூற முடியும் என்பது சிறிய வெற்றி அன்று.

கர்மார்கர் பின்னர் இந்தியாவுக்குத் திரும்பினார். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். ஏகாவைப் படைத்த புனே ஆய்வகத்தின் தொடக்கப் பணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. முறையில் புகழ் கொண்டவர் வேகத்தையும் நாடி அந்நகருக்கு வந்தார். ஆகவே இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கப் புனேயைவிடத் தக்க இடம் வேறில்லை.

எடைபோடுவோம். நூறு பேரிலிருந்து குழு அமைக்கும் கணக்கைக் குருட்டுத் தேடலாக ஏகாவிடம் கொடுத்து, ஒரு கணக்குக்கு ஒரு குழு வீதம் அது சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். முடிவதற்கு ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகள் ஆகும். நூறு மடங்கு வேகம் கொண்ட அர்க்காவிடம் கொடுத்தால் 34 லட்சம் ஆண்டுகள். பெரிய முன்னேற்றமே. ஆனால் அழைக்கத்தக்கவர் பட்டியலில் இன்னும் ஏழு பேரைச் சேர்த்துவிட்டால், இரண்டை ஏழு முறை பெருக்க வரும் 128 என்னும் மடங்கு கணக்கில் ஏறிவிடும். அர்க்காவும் 34 கோடி ஆண்டுகளைத் தாண்டிவிடும். பதினேழு ஆண்டுக்கால விஞ்ஞான வளர்ச்சி முழுவதையும் ஏழு புதிய பெயர்கள் விழுங்கிவிட்டன.

இதனால் அப்பொறிகள் பயனற்றவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. வானிலைக் கணக்கு வேறு இனத்தைச் சேர்ந்தது. அங்கே வேகம் நேராகவே பயன் தரும். அர்க்காவின் துணையால் 2025 மே மாதத்தில் நம் நாட்டு வானிலைக் கணிப்பு 6 கிலோமீட்டர் சதுரங்கள் அளவுக்கு நுணுகியது. புயல் கரையேறும் இடத்தை முன்னறிவதில் கடலோரத் தமிழருக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நாம் கூறுவது இவ்வளவே: கணக்கின் இனம் அறிந்தே வேகத்தின் பயனைக் கூற இயலும்.

கல்லாய் நிற்கும் கட்டங்களை விஞ்ஞானிகள் கைவிட்டுவிடவும் இல்லை. 1954இல் டான்ட்சிக்கும் இரு தோழர்களும் நாற்பத்தொன்பது நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய பாதையைக் கண்டு, அதனினும் குறுகியது இல்லை என்றும் நிறுவினர். 1960இல் ஐல்சா லாண்ட், அலிசன் டாய்க் என்னும் பெண்மணிகள் இருவர் லண்டனில் ஒரு முறையை வகுத்தனர். அழைத்தால் ஒரு கிளை, விடுத்தால் ஒரு கிளை என்று கணக்கை மரமாக விரித்து, எந்தக் கிளையில் நல்ல கனி இராது என்று பின்ன விடையைக் கொண்டு முன்னரே அறிந்து, அக்கிளையை அடியோடு வெட்டிவிடுவது அம்முறை. ‘ஒன்றரை ஆள்’ என்ற விடை அமர்த்துவதற்கு உதவாவிட்டாலும் வெட்டுவதற்கு உதவுகின்றது: ஒன்றரைக்குக் குறைந்து முடியாதெனின் ஒருவரைக் கொண்டு முடியாது என்பது திண்ணம். நல்ல முறையும் வேகமான பொறியும் கைகோத்துப் பல ஆயிரம் நிரல்கள் கொண்ட உண்மையான கட்டங்களை இன்று தீர்த்து விடுகின்றன. எல்லாக் கட்டங்களையும் தீர்க்கும் என்ற உறுதி மட்டும் இல்லை.

மிகுதியான மொழி அறிந்தவரை முதலில் அழைக்கும் நம் எளிய முறையும் இகழத்தக்கதன்று. அது சிறந்த விடையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகக்கூடும் என்பதற்கு 1970களிலேயே வரம்பு கண்டனர். ஒரு கருதுகோளை ஒப்புக்கொண்டால், எல்லாக் கட்டங்களுக்கும் இதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நெருங்கிய விடையை உறுதியாகத் தரும் விரைவு முறை இருக்க இயலாது என்று 1998இல் வெளியான கட்டுரையில் உரியல் ஃபைகே நிறுவினார். அலுவலகக் கண்காணிப்பாளரின் அனுபவ அறிவுக்குக் கணிதம் வழங்கிய நற்சான்று என்றே அதனைக் கொள்ளலாம்.

இவ்வரலாறு அறிஞர்களுக்கு மட்டும் உரியதா? அன்று. வெளி மாநிலத்தில் வாழும் குடும்பங்களுக்குப் பட்டியல்கள் நெருங்கிய உறவினர். இடமாற்றப் பட்டியல், குடியிருப்பு ஒதுக்கீடு, பணி முறைப்பட்டியல், பிள்ளைகளின் தேர்வு மையம் என்று பலவும் இன்று பொறியின் வழியே வருகின்றன. ‘கணிப்பொறி முடிவு செய்துவிட்டது’ என்ற சொல்லைக் கேட்டவுடன், அதற்கு மேல் முறையீடு இல்லை என்று நாம் எழுந்து வந்துவிடுகின்றோம். பொறி மூன்று செயல்களுள் ஒன்றையே செய்திருக்கும். எளிய இனத்துக் கணக்காயின், மிகச் சிறந்த விடையையே கண்டிருக்கும். இயலாது எனின், காரணத்தைத் துண்டுத் தாளில் காட்டவும் வல்லதாயிருக்கும். அரிய இனத்துக் கணக்காயின், நல்லதொரு விடையைக் கண்டு, அதனினும் நல்லது எவ்வளவு தொலைவில் இருக்கக்கூடும் என்ற வரம்பையும் கூறியிருக்கும். அல்லது, அகப்பட்ட விடையோடு நின்றிருக்கும். இம்மூன்றும் ஒன்றல்ல.

மேலும், கட்டத்தில் சுழியை எங்கே இடுவது, ஒன்றை எங்கே இடுவது என்று முடிவு செய்தவர் மனிதர். கணவனும் மனைவியும் ஒரே ஊரில் பணிபுரிய வேண்டும் என்பதற்கு ஒரு நிரல் வரையப்படவில்லையெனில், எந்த வேகமும் அதனைத் தானாக நினைத்துப் பார்க்காது. முதியோர் இருவரைப் பேணும் ஓர் ஊழியருக்கு இரவுப் பணி இயலாது என்பது கட்டத்தில் ஏறாவிட்டால், ஹங்கேரிய முறை பிழையின்றி ஒரு தவறான விடையைக் கொடுத்துவிடும்.

ஆகவே, அடுத்த முறை அத்தகைய பட்டியல் ஒன்று நம் கைக்கு வரும்போது, பொறியைப் பழிக்கவும் வேண்டா, அஞ்சவும் வேண்டா. எந்தெந்தத் தேவைகள் கட்டத்தில் எழுதப்பட்டன, வந்த விடை மிகச் சிறந்ததா அன்றிப் போதுமானதா, போதுமானது எனின் அதனினும் நல்லதைத் தேட எவ்வளவு முயன்றனர் என்று மூன்று கேள்விகளை எழுதிக் கேட்கலாம். அவற்றுக்கு விடை கூறக் கணித அறிவு பெரிதும் வேண்டுவதில்லை. பட்டியலைப் போட்டவர் தாம் செய்தது இன்னதென்று அறிந்திருந்தால் போதும்.